கெல்திய மொழிகள்: தேய்வும் மீட்பும்

1. தோற்றுவாய்

ஐரோப்பாக் கண்டத்தின் மேலைக் கடலோரத்தில், அத்திலாந்திக்குப் பெருங்கடலை நோக்கிய தீவுகளிலும் நிலமுனைகளிலும் இன்று ஆறு கெல்திய மொழிகள் வழங்குகின்றன. அயர்லாந்தின் ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், மான் தீவின் மாங்ஸ், வேல்ஸ் நாட்டின் வெல்ஷ், கார்ன்வாலின் கார்னிஷ், பிரான்சு நாட்டுப் பிரித்தானிப் பகுதியின் பிரெட்டன் என்பன அவை. இவற்றுள் மாங்ஸும் கார்னிஷும் தாய்மொழியாகப் பேசுவார் ஒருவரும் இன்றி அற்றுப்போய்ப் பின்னர் மீட்கப்பட்டவை. ஏனைய நான்கும் வழிவழிப் பேச்சு அறாமல் வருபவை. ஆயினும், தன் நாட்டு மக்களுள் பெரும்பாலோரால் நாள்தோறும் பேசப்படும் மொழி அந்நான்கனுள்ளும் ஒன்றேனும் இல்லை.

இம்மொழிகளைக் காக்கவும் வளர்க்கவும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பலவகை முயற்சிகள் நடைபெற்றுள்ளன. புலவர் ஏடு தேடினர், கழகங்கள் தோன்றின, விழாக்கள் எடுக்கப்பட்டன, சட்டங்கள் இயற்றப்பட்டன, பள்ளிகள் திறக்கப்பட்டன. ஒரே குடும்பத்தைச் சார்ந்த ஆறு மொழிகள், ஏறத்தாழ ஒரே வகைப்பட்ட நெருக்கடிக்கு உள்ளாகி, வெவ்வேறு வழிகளில் சென்று, வெவ்வேறு பயனை எய்தியுள்ளன. ஆதலின், மொழிக்காப்பு முயற்சிகளுள் எது எப்பயனைத் தரும் என ஒப்பிட்டுக் காண்பார்க்கு இவ்வரலாறு சிறந்ததோர் ஆய்வுக்களமாகும். ஒரு மொழிக்குப் பெருமை தேடித் தருவனவும், அம்மொழியை அடுத்த தலைமுறையின் நாவில் ஏற்றுவனவும் ஒன்றல்ல என்பதே இவ்வொப்பீட்டால் நாம் பெறும் முடிபு. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. குடும்பமும் கிளைகளும்

கெல்திய மொழிகள் இந்தோ-ஐரோப்பியப் பெருங்குடும்பத்தின் ஒரு கிளை. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் இக்கிளை ஐபீரியத் தீபகற்பம் முதல் ஆசியா மைனரின் கலாத்தியா வரை பரவியிருந்தது. வட இத்தாலியில் லெபாந்தியமும், இசுபெயினில் கெல்திபேரியமும், இன்றைய பிரான்சில் காலியமும் வழங்கியமைக்குக் கல்வெட்டுகள் சான்று. உரோமப் பேரரசு விரிந்தபோது கண்டத்துக் கெல்திய மொழிகள் இலத்தீனுக்கு இடந்தந்து மறைந்தன. தீவுகளில் வழங்கியவையே எஞ்சின. பிரெட்டன் இன்று கண்டத்தில் வழங்கினும், அது பிரித்தானியத் தீவிலிருந்து கி.பி. ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுகளில் கடல் கடந்து குடியேறியோர் கொண்டு சென்ற மொழியின் வழித்தோன்றலாகும்.

கிரேக்கர் 'கெல்தோய்' என்று சுட்டியது கண்டத்து மக்களையே. அயர்லாந்து மக்களோ வேல்ஸ் மக்களோ இடைக்காலத்தில் தம்மைக் கெல்தியர் என அழைத்துக்கொண்டிலர். 1582-இல் ஸ்காட்லாந்து வரலாறு வரைந்த ஜார்ஜ் புக்கனன் இம்மக்களின் உறவைக் கண்டத்துக் காலியரோடு இணைத்து எழுதினார். 1707-இல் எட்வர்டு லூயிட் என்னும் வெல்ஷ் அறிஞர் ஐரிஷ், வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் ஆகியவற்றின் சொற்களையும் இலக்கணத்தையும் ஒருங்கு வைத்து ஒப்பிட்டார். அதன் பின்னரே அப்பெயர் இம்மொழிகளுக்கு நிலைபெற்றது. எனவே, 'கெல்தியம்' என்னும் ஒருமையுணர்வு மொழியாராய்ச்சியினின்று பிறந்தது. இவ்வுண்மை பின்னர் விழாக்களையும் சங்கங்களையும் பற்றி ஆராயுங்கால் நமக்கு வேண்டப்படும்.

1786-இல் கல்கத்தாவில் ஆற்றிய உரையில் வில்லியம் ஜோன்ஸ் வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவைச் சுட்டியபோது, கெல்தியமும் அவ்வினத்ததாகலாம் எனக் குறித்தார். பொப்பு 1838-இல் அவ்வுறவை ஒப்பிலக்கண முறையால் விளக்கினார். பவேரிய நாட்டுப் பள்ளி ஆசிரியரான காஸ்பர் சோய்ஸ், பழைய ஐரிஷ் துறவியர் இலத்தீன் ஏடுகளின் வரியிடையிலும் ஓரங்களிலும் எழுதிவைத்த குறிப்புகளைப் பயின்று, 1853-இல் 'கெல்திய இலக்கணம்' என்னும் பெருநூலை இலத்தீனில் வெளியிட்டார். அவ்வேடுகள் வூர்சுபர்கு, மிலான், செயின்ட் கால் முதலிய கண்டத்து நகரங்களில் இருந்தவை. கெல்தியவியல் ஒரு முறையான துறையாக எழுந்தது அந்நூலால். அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1856-இல், அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். இரு குடும்பங்களின் ஆராய்ச்சியும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வேரூன்றின என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது.

3. மொழியமைப்பிற் சில கூறுகள்

மூலமொழியின் பகரமெய் கெல்தியத்தில் சொன்முதலில் கெட்டது. தந்தையைக் குறிக்கும் சொல் வடமொழியில் 'பித்ரு' எனவும் இலத்தீனில் 'பாதெர்' எனவும் நிற்க, ஐரிஷில் 'அஹிர்' என முதன்மெய் இழந்து நிற்கின்றது. மூலமொழியின் 'க்வ' என்னும் ஒலி, ஐரிஷ், கேலிக், மாங்ஸ் அடங்கிய கிளையில் ககரமாகவும், வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் அடங்கிய கிளையில் பகரமாகவும் திரிந்தது. நான்கு என்னும் எண் ஐரிஷில் 'கஹிர்', வெல்ஷில் 'பெட்வார்'; தலை ஐரிஷில் 'கியன்', வெல்ஷில் 'பென்'; மகன் ஐரிஷில் 'மக்', வெல்ஷில் 'மாப்'.

ஐரிஷ் 'மக்' என்பதனைத் தமிழ் 'மக' என்பதனோடு இணைத்துக் காண ஆர்வமுடையார் விழையக்கூடும். ஆயின், அயர்லாந்தின் பழைய ஓகம் கல்வெட்டுகளில் அச்சொல் 'மக்வி' என ஆறாம் வேற்றுமைப் பொருளில் வருகின்றது. வெல்ஷ் 'மாப்' அதன் உடன்பிறப்பு. எனவே ஐரிஷ் சொல்லின் இறுதி ஒலி பண்டு வெறுங்ககரம் அன்று, 'க்வ' என்பதேயாம். ஒலிமாற்ற ஒழுங்கால் நிறுவப்படாத ஒப்புமை இன உறவுக்குச் சான்றாகாது.

உறவு இல்லையெனினும் அமைப்பில் ஒப்புநோக்கத்தக்கன உள. புணர்ச்சி விதிகளிற் பயின்ற நமக்கு முதற்கண் தோன்றுவது இம்மொழிகளின் சொன்முதல் திரிபு ஆகும். முன்நிற்கும் சொல்லுக்கேற்ப வருஞ்சொல்லின் முதன்மெய் மாறுகின்றது. வெல்ஷில் 'அவன் தலை', 'அவள் தலை' என்னும் இரண்டிலும் முன்நிற்கும் உடைமைச்சொல் ஒன்றே. அவனைக் குறிக்குங்கால் 'பென்' என்பதன் பகரம், 'கம்பம்' என்னும் சொல்லின் இடையில் நிற்கும் பகரம் போல் மெலிந்து ஒலிக்கும். அவளைக் குறிக்குங்கால் 'ஃபென்' என்றாகும். 'என் தலை' எனின் பகரம் மூச்சொலி கலந்த மகரமாகி 'ம்ஹென்' என ஒலிக்கும். ஆண்பால் பெண்பால் வேறுபாட்டை உணர்த்தும் பொறுப்பு ஈண்டு ஒரு மெய்யின் திரிபின்மேல் நிற்கின்றது.

ஐரிஷ், வெல்ஷ் தொடரில் வினை முதற்கண் நிற்கும். எழுவாயும் செயப்படுபொருளும் அதன்பின் வரும். தமிழ்த் தொடரமைப்புக்கு இது நேர்மாறு. ஆயின், 'உடைமையாகக் கொள்' என்னும் பொருளுக்கு ஐரிஷில் தனிவினை இல்லை. 'நூல் என்னிடம் உளது' என நாம் கூறுவது போலவே ஐரிஷ் மக்களும் இடப்பொருள் தரும் உருபால் அதனை உணர்த்துவர். அவ்வுருபு 'அகம்' (என்னிடம்), 'அகத்' (நின்னிடம்) எனத் தன்மை முன்னிலைக்கேற்ப ஈறு வேறுபடும்.

இக்கூறுகளை இங்கு விரித்தமைக்குக் காரணம் உண்டு. சொன்முதல் திரிபு போன்ற நுண்மைகளை ஓர் இலக்கண நூல் விதியாக எழுதிவைக்கலாம். ஆனால் எண்ணாமலே அத்திரிபைச் செய்யும் பழக்கம் குழந்தைப் பருவத்திற் கேட்டுப் பழகிய செவிக்கும் நாவுக்கும் உரியது. முதியோர் வாயிலிருந்து குழவியர் செவிக்குச் செல்லும் தொடர்பு அறுந்தால், நூலால் மட்டும் அதனை முழுதும் மீட்டல் அரிது.

4. தேய்ந்த வரலாறு

தேய்வுக்குப் படையெடுப்பு ஒன்றே காரணமன்று. சட்டம், பள்ளி, பசி, வேலை, நாணம் ஆகிய ஐந்தும் ஒருங்கு கூடின.

1536-ஆம் ஆண்டுச் சட்டம் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்து, நீதிமன்றத்திலும் ஆட்சியிலும் ஆங்கிலத்தையே மொழியாக்கியது. அயர்லாந்தில் 1831-இல் தொடங்கிய தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்திற் கற்பித்தன. ஸ்காட்லாந்தின் 1872-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கேலிக் மொழிக்கு இடம் வகுத்திலது. வெல்ஷ் பேசிய சிறுவனின் கழுத்தில் மரத்துண்டு ஒன்றைத் தொங்கவிடும் வழக்கம் வேல்ஸில் சில பள்ளிகளில் இருந்தது. அவ்வாறே பிரெட்டன் பேசிய சிறுவரை இழிவுபடுத்தும் பொருளைப் பிரித்தானிப் பள்ளிகளிலும் அணிவித்தனர். 1847-இல் வேல்ஸின் கல்விநிலையை ஆராய்ந்த மூவரும் வெல்ஷ் அறியாதவர். மக்களின் பின்தங்கிய நிலைக்கு அம்மொழியும் ஒரு காரணம் என அவர்தம் அறிக்கை கூறியது. அறிக்கையின் அட்டை நிறத்தால் 'நீல நூல்களின் வஞ்சகம்' என வேல்ஸ் மக்கள் அந்நிகழ்ச்சிக்குப் பெயரிட்டனர்.

அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை நிகழ்ந்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் மாண்டனர்; அதனினும் மிகுதியானோர் நாட்டை விட்டு அகன்றனர். பஞ்சம் கடுமையாக வாட்டியது ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதி ஏழை மக்களையே. எஞ்சிய பெற்றோர், கப்பலேறிச் செல்ல வேண்டிய தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே சோறு தரும் என்று கருதி, தம்முள் ஐரிஷும் பிள்ளைகளோடு ஆங்கிலமும் பேசத் தொடங்கினர். சட்டம் செய்யாததனை இம்முடிவு செய்து முடித்தது. இதனைப் பற்றின்மை எனப் பழித்தல் நேர்மையன்று. பசித்த குடும்பம் பிள்ளையின் உயிரைக் காக்கத் தேர்ந்த வழி அது.

வேல்ஸின் நிலை இதனின் வேறுபட்டது. பாதிரியார் வில்லியம் மார்கன் 1588-இல் திருமறையை முழுதும் வெல்ஷில் மொழிபெயர்த்து வெளியிட்டார். கோயில் வழிபாடு வெல்ஷில் நடந்தது. உரைநடைக்கு ஒரு பொதுவடிவம் அமைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கிரிஃபித் ஜோன்ஸ் நடத்திய சுற்றுப்பள்ளிகள் உழவர்க்கும் அவர்தம் மக்களுக்கும் வெல்ஷில் எழுத்தறிவித்தன. அதனால் ஆட்சியிலிருந்து நீக்கப்பட்ட அம்மொழி, வழிபாட்டிலும் வாசிப்பிலும் ஊன்றி நின்றது. ஐரிஷ் பேசிய மக்களுட் பலர்க்கோ தம் மொழியை எழுதப் படிக்கத் தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸ் மக்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் வெல்ஷ் பேசியமைக்கு இவ்வேறுபாடே தலையாய காரணம் என நாம் கொள்கின்றோம். 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அவர் தொகை 9,77,000-ஐ எட்டியது.

5. புலவர் பணியும் விழாவும்

மீட்பு முயற்சிகளுள் காலத்தால் முற்பட்டன புலவர் பணியும் விழாவும். 1870-இல் பாரிசில் கெல்தியவியலுக்கெனத் தனி ஆய்விதழ் தோன்றியது. 1877-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் ரீஸ் முதல் கெல்திய மொழிப் பேராசிரியரானார். செருமானிய அறிஞர் கூனோ மையர் 1903-இல் டப்ளினில் ஐரிஷ் கல்விக்கென ஒரு பள்ளி நிறுவினார். 1935-இல் அமைந்த ஐரிஷ் நாட்டார் வழக்காற்றுக் குழு சிற்றூர்களில் முதியோரின் கதைகளையும் வழக்குகளையும் திரட்டியது. வெல்ஷ் பேரகராதிப் பணி 1921-இல் தொடங்கி, முதற்பதிப்பு 2002-இல் நிறைவுற்றது.

விழாக்களுள் முதன்மையானது வேல்ஸின் 'ஐஸ்டெத்வாத்' என்னும் கவிஞர் போட்டி விழா. இளவரசர் ரீஸ் 1176-இல் கார்டிகன் கோட்டையில் கூட்டிய போட்டி இதன் பழைய முன்மாதிரி. இவ்விழாவில் வெண்ணிற, நீலநிற, பச்சைநிற ஆடை அணிந்து வரும் 'கோர்செத்' அவையோ அத்துணைப் பழமையுடையதன்று. யோலோ மோர்கனுக் என்னும் புனைபெயர் கொண்ட எட்வர்டு வில்லியம்ஸ், 1792-இல் இலண்டனில் ஒரு குன்றின்மேல் முதன்முதலாக அதனைக் கூட்டினார். 1819-இல் கார்மார்தன் விழாவோடு இணைத்தார். அச்சடங்கு பண்டைத் துருயிதர் வழிவந்தது என அவர் கூறியதும், பழம்புலவர் பாடல்கள் எனத் தாமே இயற்றியவற்றைக் காட்டியதும் பிற்கால ஆய்வில் வெளிப்பட்டன.

தொன்மை பொய்யென அறிந்தும் வேல்ஸ் மக்கள் விழாவைக் கைவிட்டிலர். அதற்குக் காரணம் சடங்கில் இல்லை, போட்டியில் உளது. பதினெட்டாம் நூற்றாண்டுக்கும் முற்பட்ட யாப்பு விதிகளின்படி, மோனையும் இயைபும் மெய்யெழுத்து ஒழுங்கும் ஒருங்கமைய, 'கங்ஹனெத்' முறையில் இயற்றிய பாடலுக்கு நாற்காலி பரிசாக வழங்கப்படுகின்றது. உழவரும் சுரங்கத் தொழிலாளரும் அதற்கெனப் பாடல் புனைந்தனர். 1917-இல் பர்க்கன்ஹெட் நகரில் நடந்த விழாவில் பரிசுக்குரிய புலவரின் புனைபெயரை அவையோர் மும்முறை அழைத்தும் விடை வரவில்லை. அப்பாடலை இயற்றிய ஹெத்வின் என்னும் ஆட்டிடையர், ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன்னர் பெல்ஜியப் போர்க்களத்தில் உயிர்நீத்திருந்தார். நாற்காலியைக் கருந்துகிலால் போர்த்தி அவர் இல்லத்திற்கு அனுப்பினர். 1950 முதல் விழாவில் வெல்ஷ் ஒன்றே மொழி என்னும் விதி நடைமுறையில் உள்ளது. ஆண்டுக்கு ஒரு வாரமேனும் வெல்ஷ் மட்டுமே வழங்கும் ஓர் ஊரை அவ்விதி அமைத்துத் தருகின்றது. விழா மொழிக்குப் பயன்பட்டது இவ்விதியால்.

ஸ்காட்லாந்தில் 1892-இல் ஓபன் நகரில் முதல் 'மோட்' விழாவும், கார்ன்வாலில் 1928-இல் கோர்செத்தும் இதனைப் பின்பற்றி எழுந்தன. கெல்திய நாடுகளை ஒன்றுசேர்க்கும் பேரவை 1901-இல் டப்ளினில் கூடியது. கார்ன்வாலுக்கு அப்போது வாழும் மொழி இல்லையாதலின் அதனைச் சேர்த்தல் தகுமா என்னும் வழக்கு எழுந்து, 1904-இல் சேர்த்துக்கொள்ளப்பட்டது. கெல்திய நாடு ஆவதற்கு மொழியே உரைகல் என அவர் கொண்டமை இதனாற் புலனாம். 1971 முதல் பிரித்தானியின் லோரியன் நகரில் நடைபெறும் இசைவிழா ஆண்டுதோறும் பல இலட்சம் மக்களை ஈர்க்கின்றது. ஆயின் பைப்பிசைக்கும் நடனத்துக்கும் மொழி வேண்டுவதில்லை. ஒரு கெல்தியச் சொல்லும் அறியாமலே ஒருவர் அவ்விழாவில் மகிழ்ந்து மீளலாம். மொழியை உரைகல்லாகக் கொண்டு பிறந்த ஒருமை, மொழி இன்றியும் கொண்டாடத்தக்கதாய் விட்டமை விழாக்களின் எல்லையைக் காட்டுகின்றது.

இலக்கியத்திலும் இவ்வெல்லை உண்டு. யேட்ஸ் 'கெல்திய அந்தியொளி' என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட 1893-ஆம் ஆண்டிலேயே, டக்ளஸ் ஹைட், ஓயின் மக்நீல் முதலியோர் டப்ளினில் கேலிக் கழகத்தை நிறுவினர். முன்னது அயர்லாந்தின் புகழை உலகெங்கும் பரப்பியது. பின்னது ஊர்தோறும் மாலை வகுப்பு நடத்தி வளர்ந்தோர்க்கு எழுத்துக் கற்பித்தது. புகழால் நிகழாதது வகுப்பால் ஓரளவு நிகழ்ந்தது.

6. அரசும் பள்ளியும்

மொழிக்கு அரசு கிடைப்பின் குறைகள் நீங்கும் என்னும் நம்பிக்கையை அயர்லாந்து சோதித்துப் பார்த்தது. 1922-இல் தனியரசு அமைந்தது. 1937-ஆம் ஆண்டு அரசமைப்பு ஐரிஷை முதல் ஆட்சிமொழியாக்கியது. 1938-இல் டக்ளஸ் ஹைட்டே நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார். பள்ளிகளில் ஐரிஷ் கட்டாயப் பாடமாயிற்று. அரசுப் பணிக்கும் அது வேண்டப்பட்டது. பின்னர், 1972-இல் ஐரிஷ் வானொலியும், 1996-இல் தொலைக்காட்சியும் தொடங்கின. 2022 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் முழு ஆட்சிமொழித் தகுதியும் கிட்டியது.

2022-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏறத்தாழ 18,73,000 பேர் தமக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்றனர். கல்விக்கூடத்திற்கு வெளியே நாள்தோறும் பேசுவோரோ 71,968 பேரே. முதலெண் நூறாயின் இரண்டாம் எண் நான்கினும் குறைவு. பாடமாகக் கற்ற மொழி தேர்வோடு முடிந்தது. பேசும் இடம் அதற்குக் கிட்டவில்லை. இதனால் அரசு செய்தது வீண் எனல் பொருந்தாது. அகராதியும் பாடநூலும் வானொலியும் அரசின் துணையால் வந்தவை. ஆயின் அவை இல்லத்துப் பேச்சுக்கு ஈடாகா.

அதே அயர்லாந்தின் வடபகுதியில், ஐரிஷுக்கு எவ்வகைத் தகுதியும் அளியாத ஆட்சியின் கீழ், மற்றொரு சோதனை நிகழ்ந்தது. பெல்ஃபாஸ்ட் நகரின் ஷா சாலையில் 1969-இல் சில இளங்குடும்பங்கள் தாமே வீடு கட்டிக் குடியேறி, இல்லத்தில் ஐரிஷ் மட்டுமே பேசுவதென உறுதி பூண்டன. அவர்தம் பெற்றோர் மொழி ஆங்கிலம். இவர்கள் ஐரிஷைக் கற்றே பேசினர். பிள்ளைகள் வளர்ந்ததும் 1971-இல் அரசுதவியின்றி ஒரு பள்ளியைத் தொடங்கினர். வட அயர்லாந்தில் இன்று பரவியுள்ள ஐரிஷ் வழிக் கல்விக்கு அதுவே வித்து. 2022-இல் சட்டம் அம்மொழியை ஏற்றபோது, பேசும் தலைமுறை ஒன்று முன்னரே தோன்றியிருந்தது.

வேல்ஸிலும் பள்ளி சட்டத்தை முந்தியது. 1939-இல் ஆபரிஸ்ட்வித் நகரில் ஏழு பிள்ளைகளோடு முதல் வெல்ஷ் வழித் தொடக்கப் பள்ளி திறக்கப்பட்டது. 1962-இல் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் ஆற்றிய சொற்பொழிவு, போராடாவிடின் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் வாழ்வு முடிந்துபோகும் என எச்சரித்தது. அவ்வாண்டே வெல்ஷ் மொழிக் கழகம் பிறந்தது. 1967, 1993 ஆகிய ஆண்டுகளிற் சட்டங்கள் வந்தன. தனித் தொலைக்காட்சி தருவதாகக் கூறிய அரசு பின்வாங்கியபோது, கின்வோர் எவன்ஸ் 1980-இல் உண்ணாநோன்பு இருப்பேன் என அறிவித்தார், அரசு இணங்கியது, 1982-இல் அத்தொலைக்காட்சி தொடங்கியது. 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்சிமொழித் தகுதியை நல்கியது. இத்துணை முயன்றும் 2021-ஆம் ஆண்டுக் கணக்கில் வெல்ஷ் பேசுவோர் 5,38,000 பேர், நூற்றுக்கு 17.8. 2050-க்குள் பத்து இலட்சம் பேரை எய்துவது வேல்ஸ் அரசு குறித்துள்ள இலக்கு. பள்ளியிற் கற்ற பிள்ளை பின்னர்த் தன் பிள்ளையோடு அம்மொழியில் பேசுமா என்பதைப் பொறுத்தே அவ்விலக்கு கைகூடும்.

ஸ்காட்லாந்தில் 2022-ஆம் ஆண்டுக் கணக்கு, கேலிக் பேசுவோர் 69,701 எனக் காட்டியது. 2011-இல் இருந்த தொகையினும் இது மிகுதி. கேலிக் வழிக் கல்வி 1985-இல் தொடங்கி நகரங்களில் வளர்ந்தமையின் பயன் அது. ஆயின், தீவுகளின் மொழிநிலையை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஒரு பேராய்வு, ஊர்ப் பொதுமொழி என்னும் நிலையை அங்கே கேலிக் விரைவில் இழக்கக்கூடும் எனக் கூறிற்று. தொகை ஏறியும் ஊர் இழக்கும் இந்நிலையில், 2025-இல் இயற்றப்பட்ட சட்டம் கேலிக்கிற்கு ஆட்சிமொழித் தகுதி தந்துள்ளது.

பிரான்சில் பெருமைக்கும் வாழ்வுக்கும் உள்ள இடைவெளி சட்டத்திலேயே தெரிகின்றது. 2008-இல் அரசமைப்பு, வட்டார மொழிகள் நாட்டின் மரபுச் செல்வம் என ஏற்றது. 1977 முதல் 'திவான்' பள்ளிகள் எல்லாப் பாடங்களையும் பிரெட்டனிலேயே கற்பித்து வருகின்றன. அத்தகைய முழுமைக் கல்விக்கு இடந்தரும் சட்டம் 2021-இல் நிறைவேறியபோது, அரசமைப்பு மன்றம் அப்பகுதியைச் செல்லாதென நீக்கியது. மரபுச் செல்வம் எனப் போற்றலாம். வகுப்பறையின் முழுமொழியாக்கல் ஆகாது என்பதே அதன் பயன். 2018-இல் எடுத்த ஆய்வில் பிரெட்டன் பேசுவோர் ஏறத்தாழ 2,07,000; 2024-ஆம் ஆண்டு ஆய்வில் ஏறத்தாழ 1,07,000. பேசுவோருட் பெரும்பாலோர் முதியோர் ஆதலின், இறப்பே இவ்வீழ்ச்சிக்குப் பெருங்காரணம்.

7. அற்றுப்போய் மீண்ட இரண்டு

கார்னிஷ் பேசிய கடைசித் தலைமுறையைச் சார்ந்தவராகக் கூறப்படும் டாலி பென்ட்ரீத் என்னும் மீன் விற்கும் மூதாட்டி 1777-இல் மறைந்தார். 1904-இல் ஹென்றி ஜென்னர் அம்மொழிக்கு ஒரு கைந்நூல் வெளியிட்டு மீட்பைத் தொடங்கினார். இடைக்கால நாடக ஏடுகளே அவர்க்கும் அவர்வழி வந்த மார்ட்டன் நான்சுக்கும் முதன்மைச் சான்று. ஒலியைச் செவியாற் கேட்டவர் எவரும் இலர். ஆகவே ஏட்டின் எழுத்தை எவ்வாறு ஒலிப்பது, எம்முறையில் எழுதுவது என்பது பற்றிப் பல கட்சிகள் தோன்றி வழக்காடின. 2008-இல் தான் ஒரு பொது எழுத்துமுறைக்கு உடன்பாடு ஏற்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆர்வலரின் ஆற்றல் பெரிதும் எழுத்துப் பூசலிற் கழிந்தது.

மாங்ஸின் நிலை வேறு. அயர்லாந்தின் முதலமைச்சர் டி வலேரா 1947-இல் மான் தீவுக்குச் சென்றபோது, நெட் மாட்ரல் என்னும் முதிய மீனவரைக் கண்டார். மறு ஆண்டில், ஐரிஷ் நாட்டார் வழக்காற்றுக் குழு ஒலிப்பதிவுக் கருவியை அத்தீவுக்கு அனுப்பி, எஞ்சியிருந்த முதியோரின் பேச்சைப் பதிவு செய்தது. இளைஞர் சிலரும் அம்முதியோரின் வீடு தேடிச் சென்று கேட்டுக் கற்றனர். மாட்ரல் 1974-இல் மறைந்தார். அப்போதைக்குள் அவர் ஒலி பிறர் நாவிற் படிந்திருந்தது. 2001-இல் மாங்ஸ் வழித் தொடக்கப் பள்ளி தொடங்கியது. 2009-இல் யுனெஸ்கோ நிறுவனம் மாங்ஸை அழிந்த மொழி எனப் பட்டியலிட்டபோது, அப்பள்ளிச் சிறார், தம் மொழி அழிந்ததாயின் தாம் எழுதும் இம்மொழி யாது என வினவி மாங்ஸிலேயே மடல் விடுத்தனர். யுனெஸ்கோ தன் பட்டியலைத் திருத்தியது.

8. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, ஆட்சிமொழித் தகுதியும் விழாவும் இலக்கியப் புகழும் மொழிக்கு அரண் ஆகும், உயிர் ஆகா. அயர்லாந்தின் நூறாண்டு அரசும், லோரியனின் இசைவிழாவும், பிரான்சின் அரசமைப்புச் சொல்லும் இதற்குச் சான்று. இரண்டாவது, மொழியைப் பேசும் புதுத் தலைமுறை தோன்றியது இல்லமும் பள்ளியும் இணைந்த இடங்களிலேயே. ஆபரிஸ்ட்வித்தின் ஏழு பிள்ளைகளும் ஷா சாலையின் சில குடும்பங்களும் தொகையாற் சிறியர், விளைவாற் பெரியர். சட்டம் அத்தகையோரைப் பின்தொடர்ந்து வருங்கால் பயன் மிகுகின்றது. அவர் இல்லாவிடத்து வெற்றுரையாய் நிற்கின்றது.

மூன்றாவது, புலமைத் துறையினராகிய நம்மைச் சார்ந்தது. மாங்ஸ் சிறார் மடல் எழுத முடிந்தமைக்கு, அரைநூற்றாண்டுக்கு முன் ஒரு குழுவினர் முதியோரின் குடிலுக்குச் சென்று அவர் பேச்சைப் பதிந்தமை ஒரு காரணம். கார்னிஷ் ஆர்வலர் நெடுநாள் வழக்காடியமைக்கு, அத்தகைய பதிவு இல்லாமை காரணம். பதிவு செய்தவர் அம்மொழி மீளும் என எண்ணிச் செய்தாரல்லர். மறையுமுன் காத்தல் வேண்டும் என்னும் கடமையாற் செய்தனர். மொழியை வாழ்விப்பது மொழியறிஞன் கையில் இல்லை; அது தாயின் கையிலும் பள்ளியின் கையிலும் உள்ளது. ஆயின், வாழ்விக்க எண்ணும் தாய்க்கும் பள்ளிக்கும் பற்றுக்கோடாக எதனை விட்டுச் செல்வது என்பது அறிஞன் கையில் உள்ளது. பேசுவோர் சிலரேயாய் எஞ்சிய எம்மொழியை ஆராயப் புகுவோரும், இலக்கணம் வரைவதற்கு முன்னர் அவர் குரலைப் பதிந்து வைத்தல் முதற்கடனாம்.